அருகில் வசிப்பவர்: கட்டாயம் நிரப்பவும்

1

நாங்கள் இந்த டச்சு ஊருக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த அன்று காலையில், சென்னைத் தரமணியில் எங்கேயோ இருக்கிற ஒரு சர்வர் எனக்கு நானூறு என்று பதில் அனுப்பியது. கணவர் சரவணன் கேக் வாங்கப் போயிருந்தார். மகள் தாரிணி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே டெல்ஃப்ட் கால்வாயில் வாத்துகள் போவதைப் பார்த்தபடி, மந்தைவெளியில் இருக்கும் என் அம்மாவை ஒரு நிறுவனத்தில் பதிவு செய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானூறு என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணினி இன்னொரு கணினிக்கு இணையம் வழியாகத் தகவல் அனுப்பினால், எதிர்ப்பக்கம் பதிலாக ஓர் எண்ணைச் சொல்லும். இருநூறு என்றால், கிடைத்தது, சந்தோஷம். ஐநூறு என்றால், எனக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் வா. நானூறு வேறு மாதிரி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ கேட்ட விதம்தான் சரியில்லை, திருத்திக்கொண்டு வா என்று அர்த்தம். எதைத் திருத்த வேண்டும் என்று நல்ல சர்வர்கள் கூடவே ஒரு வரி எழுதி அனுப்பும். இந்தத் தரமணி சர்வர் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ரகம். 'தவறான வேண்டுகோள்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடும்.

அம்மா போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அப்பா போனபிறகு மந்தைவெளி வீட்டின் முதல் மாடியில் தனியாகத்தான் இருக்கிறாள். தி. நகர் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து என்னைப் படிக்கவைத்தவள். இப்போதும் யாராவது புடவைக்கு ஃபால்ஸ் வைக்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அன்றைக்கு விழுந்தவள் எழுந்திருக்க முடியாமல் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறாள். தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்கார முனுசாமி அண்ணன், துணி வாங்கக் கீழே நின்று குரல் கொடுத்து, பதில் வராமல் மேலே ஏறிப் பார்த்திருக்கிறார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் ஆதம்பாக்கத்திலிருந்து என் தாய்மாமா ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். வந்தவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். அம்மா இனி அவர் வீட்டு மாடி அறையில்தான் இருக்க வேண்டும்.

"அங்க போனா நான் விருந்தாளி, பாப்பு" என்றாள் அம்மா போனில். "காலைல டீ எத்தினி மணிக்குன்னு மருமவளாண்ட கேட்டுகினு நிக்கணும். இங்க இருந்தா நான் அமுதா. எனக்கு எங்க சக்கர டப்பா கீதுன்னு எனக்குத் தெரியும்."

கடைசியில் மாமாவிடம் கெஞ்சி ஒரு வழி கண்டுபிடித்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஒரு பட்டன் இருக்கிறது. விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ அதை அழுத்தினால் போதும், அந்த நிறுவனம் உடனே போன் செய்யும், ஆம்புலன்ஸ் அனுப்பும். மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது வேலை செஞ்சா பாக்கலாம். இல்லாங்காட்டி மாசக் கடைசில வண்டி எடுத்துகினு வந்து சாமானை ஏத்திடுவேன். அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லக்கூடாது."

ஆக, அம்மா அவள் வீட்டில் இருப்பதும் இல்லாததும் அந்த நானூறில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டன் பார்சலில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதிவு முடியாமல் அது வெறும் பிளாஸ்டிக். நிறுவனத்தின் இணையதளம், பதிவு செய்கிற பிள்ளைக்கும் இந்திய மொபைல் எண் வேண்டும் என்று அடம்பிடித்தது. உதவிக்கு அழைத்தால் கௌதம் என்று ஒரு தம்பி பேசினார். "மேடம், நீங்க ஐடி தானே? வெப்சைட்டை விடுங்க. நேரா எங்க சர்வருக்கே டேட்டா அனுப்பிடுங்க. எப்படின்னு டாக்குமென்ட் அனுப்பறேன்" என்றார். ஐடியில் இருப்பவளுக்குக் கிடைக்கும் மரியாதை இதுதான். கடைக்காரரே கல்லாவுக்குப் பின்னால் வந்து நீயே எடுத்துக்கொள் என்கிறார்.

2

அடுத்த சில நாட்களில் வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்திலெல்லாம் அம்மாவை அனுப்பிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, முகவரி, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் கண்ணை மூடிக்கொள்வேன். என் அம்மாவைப் பற்றிய அந்தச் சின்ன வரிகள் எங்கள் தெருவுக்கு அடியில் புறப்பட்டு, கடலுக்கடியில் போய், சென்னைக் கரையில் எங்கேயோ ஏறுவதாக நினைத்துக்கொள்வேன். என் மனசில் அது எப்போதும் சாந்தோம் கடற்கரையில்தான் ஏறும். காயப்போட்ட வலைகளைத் தாண்டி, மீன்கூடைகளுக்கு நடுவே புகுந்து, மந்தைவெளி மார்க்கெட் வழியாக அம்மாவின் ஜன்னலுக்குக் கீழேயே கடந்து, அடையாறு பாலம் ஏறித் தரமணிக்குப் போகும். அம்மா அந்த நேரம் பால்கனியில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருப்பாள், தனக்குக் கீழே தானே போய்க்கொண்டிருப்பது தெரியாமல்.

கண்ணைத் திறந்தால் நானூறு இருக்கும்.

முதல் தப்பு என்னுடையது. அனுப்புகிற பொட்டலத்தின்மேல், உள்ளே என்ன மாதிரித் தகவல் இருக்கிறது என்று ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். அதை ஒட்ட மறந்திருந்தேன். ஒட்டினேன், அதே பதில். பட்டியலின் கடைசியில் தேவையில்லாத ஒரு காற்புள்ளி இருந்தது, எடுத்தேன். பிறந்த தேதியை நாம் எழுதுகிற வரிசையில் எழுதியிருந்தேன், அவர்களுக்கு வருஷம் முதலில் வர வேண்டும், மாற்றினேன். அலுவலகத்தில் இதைத்தான் நாளெல்லாம் செய்கிறேன். அங்கே எந்தப் பதற்றமும் கிடையாது, காபி குடித்துக்கொண்டே செய்வேன். அம்மாவின் பெயர் இருக்கும் வரியைத் தொடும்போது மட்டும் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு ஒவ்வொரு வரியாக கௌதம் அனுப்பிய டாக்குமென்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் முகவரி மாட்டியது. சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடு புது நம்பர் இருபத்தேழு, பழைய நம்பர் பதினான்கு. நடுவில் சாய்வாக ஒரு கோடு போட்டு இரண்டையும் எழுதுவோம். மாநகராட்சி நம்பரை மாற்றி எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் தெரு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கொரியர்காரருக்குப் புதியது, தபால்காரருக்குப் பழையது, கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு 'பிள்ளையார் கோயில் தாண்டி ரெண்டாவது மாடி வீடு'. அந்தச் சாய்வுக் கோட்டைத்தான் சர்வர் ஏற்காதாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு சென்னை முகவரி தெரியாத ஒரு சர்வர்!

கோட்டை எடுத்துவிட்டு வெறும் இருபத்தேழு என்று போட்டேன். போட்டதுமே மனசில் வேறொரு வீடு வந்து நின்றது.

எங்கள் தெருவில் இன்னொரு இருபத்தேழு இருக்கிறது. பழைய நம்பர் இருபத்தேழு, ஸ்டெல்லா அக்கா வீடு. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு வரவேண்டிய தபால் பாதி அங்கே போகும். அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் கிடக்கும். மாற்றிக் கொடுக்கப் போய் வந்துதான் அம்மாவும் அவரும் சிநேகிதமானார்கள். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தை முதலில் பிரித்துப் படித்ததே ஸ்டெல்லா அக்காதான். தெருவிலேயே விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். கழுத்தில் எப்போதும் ஜெபமாலையோடு அந்த விசிலும் தொங்கும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே அனுப்பினேன். நானூறு.

3

நான் இப்போது இருக்கிற இந்த ஊரில் முகவரி என்பது கடவுள் மாதிரி. அஞ்சல் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் சொன்னால் போதும், உங்கள் வீட்டு வாசல்படி வரைக்கும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, டாக்டர் இல்லை, நூலகத்தில் புத்தகம்கூட இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண்மணி என் காகிதங்களைப் பார்த்து, அழகாகச் சிரித்து, ஒரு கையெழுத்து குறைகிறது என்று திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை ஒரு முத்திரை குறைந்தது. அவர் ஒருபோதும் கோபப்பட்டதில்லை. சத்தமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பும்போது அழுதிருக்கிறேன், மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் நடந்த இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது. ஜன்னலில், குழந்தையைக் கொண்டுவருவதாக இங்கே சொல்கிற நாரையின் பொம்மையைக் கட்டி, பலூன் கட்டி, ஒரே கொண்டாட்டம். எங்கள் தபால்பெட்டியில் ஒரு அட்டை போட்டிருந்தார்கள். குழந்தையின் பெயர், எடை, இன்ன நாளில் வந்து பார்க்கலாம் என்று. நான் அழகான அட்டை என்று ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்துவிட்டு, அவர்கள் வந்து அழைப்பார்கள் என்று காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, உள்ளே நின்று, 'கட்டாயம் வரணும்' என்று வாயால் சொல்லாமல் எப்படிப் போவது? அந்த நாள் வந்தது, போனது. பிறகு அந்தப் பெண் வாசலில் பார்த்து, உங்களுக்குக் குழந்தைகள் பிடிக்காதோ என்று வருத்தமாகக் கேட்டாள். அட்டையே அழைப்பு என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அப்போது தெரிந்திருந்த டச்சு மொழியில் அவளிடம் என்ன விளக்கினேனோ, அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

தாரிணிக்கு இந்தக் கதை சொன்னால் சிரிப்பாள். அவளுக்கு அட்டையும் வேண்டாம். எல்லாம் ஒரு மெசேஜில் முடியும். தமிழ் பேசுவாள், ஆனால் வெளியூர்க்காரி பேசுகிற மாதிரி யோசித்து யோசித்து. "அம்மா, உங்க ஊர்ல ஏன் எல்லாத்துக்கும் நேர்ல போகணும்?" என்று கேட்டாள் ஒரு நாள். 'உங்க ஊர்' என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது.

4

வேறு வழியில்லாமல் கௌதமைத் திரும்ப அழைத்தேன். உங்கள் பக்கம் என்ன தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி, எனக்குக் காரணமே வரவில்லை என்றேன். அவர் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"மேடம், கிடைச்சிடுச்சு. 'அருகில் வசிப்பவர்'னு ஒரு ஃபீல்டு இருக்கு. பேரு, போன் நம்பர். அது உங்களுக்கு காலியா வருது. கட்டாயம் நிரப்பணும்."

"அது கட்டாயம்னு உங்க டாக்குமென்ட்ல இல்லையே?"

"அது பழைய டாக்குமென்ட் மேடம். சாரி."

என் எண்ணைப் போட்டேன். நானூறு. மாமாவின் ஆதம்பாக்கம் எண்ணைப் போட்டேன். அதற்கும் நானூறு. கௌதம் தயங்கித் தயங்கி விளக்கினார். அதே பின்கோடில் இருக்கிற ஆளாக இருக்க வேண்டுமாம்.

"பட்டனை அமுக்கினா ஆம்புலன்ஸ் வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும் இல்லையா? அதுக்குள்ள நடந்து வந்து கதவைத் திறக்க ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான். யாராவது பக்கத்துல இருப்பாங்களே மேடம், அவங்க பேரைப் போட்டுருங்க. நாங்க வெரிஃபை எல்லாம் பண்ண மாட்டோம்."

போனை வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாகக் காற்புள்ளியிலும் சாய்வுக் கோட்டிலும் தேடிக்கொண்டிருந்தேன். சர்வர் கேட்டது நியாயமான ஒரு கேள்வி. உன் அம்மா விழுந்தால் நடந்து வர யார் இருக்கிறார்கள்?

முனுசாமி அண்ணன் இருக்கிறார், ஆனால் சாயங்காலமானால் கண்ணகி நகருக்கு பஸ் ஏறிவிடுவார். ஆற்றோரத்தில் இருந்த வீடுகளை இடித்துவிட்டு அரசாங்கம் அவர்களையெல்லாம் அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டது. கீழ்வீட்டில் இருப்பவர்கள் புதிதாக வந்த இளம் தம்பதி, இருவருமே தரமணி ஆபீஸ் பஸ்ஸில் போய் இருட்டினபிறகு வருவார்கள். யோசித்துக்கொண்டே போனால் பெயர் ஒன்றுதான் மிஞ்சியது. அந்தப் பெயரை அம்மாவிடம் சொல்வதற்குத்தான் பயமாக இருந்தது.

அம்மாவும் ஸ்டெல்லா அக்காவும் பேசிக்கொள்வதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஸ்டெல்லா அக்கா மகன் ராபினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தெருவே அது நம் வீட்டுக் கல்யாணம் என்று இருந்தது. மணப்பெண்ணுக்கு ரவிக்கை தைத்தது அம்மாதான். ஆனால் பத்திரிகை வந்த விதம்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. ஸ்டெல்லா அக்கா அதை முனுசாமி அண்ணனிடம் கொடுத்து, அமுதா வீட்டுத் துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடு என்றிருக்கிறார். இஸ்திரி போட்ட புடவையை அம்மா பிரித்தால், மடிப்புக்குள் பத்திரிகை. இன்னும் சூடாக இருந்தது என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வாள். அந்தச் சூடுதான் அவளுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது போல. கல்யாணத்துக்குப் போகவில்லை. அப்போது ஸ்டெல்லா அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள், மாடி ஏற முடியாது என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"மாடி ஏற முடிலன்னா, கீழ நின்னுகினு 'அமுதா'ன்னு ஒரு கொரலு குடுக்கக்கூடாதா? நான் எறங்கி வந்திருக்க மாட்டேனா?"

இப்போது யோசித்தால் அம்மாவும் அந்தத் தரமணி சர்வரும் ஒரே சாதிதான் என்று தோன்றுகிறது. கேட்டது என்ன என்பது முக்கியமில்லை, கேட்ட விதம் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணமும் சொல்ல மாட்டார்கள்.

துணிந்து பேச்சை எடுத்தேன். பின்னணியில் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது.

"அவ பேரைப் போடாதே."

"அம்மா, மாசக் கடைசி வந்துகிட்டே இருக்கு. மாமா வண்டி கொண்டாந்துடுவார். அவங்க வெரிஃபைகூட பண்ண மாட்டாங்களாம். சும்மா பேரு மட்டும்."

"அதான் தப்பு" என்றாள் அம்மா. "ஒருத்தரைக் கேக்காம கொள்ளாம அவங்க பேரை எழுதிக் குடுக்கறது மருவாதியா? திடீர்னு நடுராத்திரி போன் வந்தா அவ இன்னான்னு நெனைப்பா? என் முட்டிய ஒடச்சிகினு நான் ஏன் ஓடணும்னு கேட்டா?"

"அப்ப கேக்கலாமா?"

குக்கரை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது.

"ஆதம்பாக்கத்துல மாடி ரூம்புல ஜன்னலைத் தொறந்தா பக்கத்து வீட்டு செவுரு தெரியுது, பாப்பு" என்றாள். அவளுக்கு அழத் தெரியாது. இப்படி ஏதாவது ஒரு ஜன்னலைப் பற்றிச் சொல்வாள்.

"சரி, கேக்கறேன்" என்றாள் கடைசியில். "ஆனா கேக்கறது நான் மட்டும் இல்ல. நீயும் வரணும்."

"நான் எப்படிம்மா வர்றது?"

"போன்ல வா."

5

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு மதியம், அங்கே சாயங்கால வெயில். அம்மா வீடியோவில் வந்தாள். நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை.

"கல்யாணத்துக்கா அழைக்கப் போறே?" என்று கேட்டேன்.

"டீச்சரு பூ வெச்சிப்பா, வெத்தல போட்டுப்பா. மாதா கோயிலுக்குப் போறவ, அதான் குங்குமம் மட்டும் வெக்கல" என்றாள், என் கேள்வி காதில் விழாதவள் போல. ஒரு போன் நம்பரைக் கேட்கத் தட்டோடு போகிற ஒரே ஆள் உலகத்தில் என் அம்மாவாகத்தான் இருப்பாள்.

"என்னை எங்க வெச்சிக்கப் போறே?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. ஒரு கையில் தட்டு, இன்னொரு கையால் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். விழுந்ததிலிருந்து பிடிக்காமல் இறங்குவதில்லை. கடைசியில் போனில் இருந்த என்னையும் தட்டிலேயே வெற்றிலைமேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டாள்.

அப்படித்தான் என் தெருவில் போனேன். எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. முதலில் மாடிப்படியின் சிமெண்ட் கூரை, பிறகு திடீரென்று வெளிச்சம். மின்சார ஒயர்களும் கேபிள் ஒயர்களும் குறுக்கும் நெடுக்குமாக நகர்ந்தன. தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் வந்து, என்மேல் மெதுவாகக் கடந்து போயின. ஒரு பால்கனியில் காய்கிற லுங்கி, அதற்குமேல் கிளிகள், அதற்கும் மேலே இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானம். ஓரத்தில் மல்லிகை மொட்டு ஒன்று பெரிதாக, மங்கலாக ஆடியது. ஏதோ ஒரு வீட்டில் குழந்தை வயலினில் வர்ணம் பழகிக்கொண்டிருந்தது, ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி. பத்து வருஷமாக ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. தாரிணி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "இது ரொம்ப அழகா இருக்கே" என்றாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. நான் ஏதாவது பேசினால் அந்த வானம் நின்றுவிடும் போல இருந்தது.

"இன்னாக்கா, தட்டோட?" என்று முனுசாமி அண்ணன் குரல் எங்கிருந்தோ கேட்டது.

"வேலையைப் பாரு" என்றாள் அம்மா.

இரும்பு கேட் கிறீச்சிட்டது. வானம் போய், மின்விசிறி சுற்றுகிற ஒரு கூரை வந்தது. தட்டை டீப்பாயில் வைக்கிற சத்தம். நான் கூரையைப் பார்த்தபடியே கிடந்தேன்.

"வா" என்றது ஸ்டெல்லா அக்காவின் குரல். வயதாகியிருந்தது, ஆனால் மைதானத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே குரல்தான். "உக்காரு."

"கேட்டுட்டு உக்காறேன், டீச்சர்" என்றாள் அம்மா. நின்றுகொண்டேதான் பேசினாள் என்பது குரல் வந்த இடத்திலிருந்து தெரிந்தது. "உன்னாண்ட ஒண்ணு கேக்க வந்தேன். பாப்பும் கேக்கச் சொல்லிச்சு, அதோ போன்ல கீது. கழுத்துல மாட்டிக்கற பட்டன் ஒண்ணு அனுப்பிகீது. எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயி அத அமுக்கினா, பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவாங்களாம். உன் பேரைக் குடுக்கலாமா? இஷ்டமில்லன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

மின்விசிறி சுற்றியது.

"இதுக்கா தட்டு?"

"கேக்கறதுன்னா மொறையா கேக்கணும்."

"குத்தாதே, அமுதா." ஸ்டெல்லா அக்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. "அன்னிக்கு முட்டி வீங்கி நிக்கவே முடியல எனக்கு."

"கீழ நின்னு ஒரு கொரலு குடுத்திருக்கலாம்."

"குடுத்திருக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "தப்புதான்" என்றார். "கல்யாணத்தன்னிக்குக் கோயில் வாசல்லயே கண்ணு வெச்சிருந்தேன், எப்படியும் நீ வந்துடுவேன்னு. என் நம்பர் மாறல. போடச் சொல்லு."

நான் அந்த எண்ணை மனப்பாடமாகவே வைத்திருந்தேன். லேப்டாப்பில் 'அருகில் வசிப்பவர்' என்ற இடத்தில் அவர் பெயரை எழுதி, அனுப்பினேன். கண்ணை மூடிக்கொள்ளக்கூட மறந்துவிட்டேன். பதில் வந்தது: இருநூற்று ஒன்று. பதிவு செய்யப்பட்டது. அம்மா ஆதம்பாக்கம் போக வேண்டாம். "வந்துடுச்சு! அம்மா, வந்துடுச்சு!" என்று தட்டிலிருந்து கத்தினேன். தாரிணியும் சேர்ந்து கத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் எங்களை வெற்றிலையிலேயே மறந்துவிட்டிருந்தார்கள். யாரோ ஒரு பழத்தை எடுத்தார்கள். ஒரு கை எங்கள்மேல் நிழலாக வந்து பூவை எடுத்துக்கொண்டு போனது. சோபா அமுங்கியது. அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா அது, ஜெபமாலையோட ஏதோ தொங்குது? விசில் எங்க?"

"விசில் யாருக்கு ஊதறது இப்ப? இதுவும் நீ சொன்ன அதே பட்டன்தான். ராபின் கனடா போறதுக்கு முன்னால மாட்டிவிட்டுட்டுப் போனான். போன வருஷம்."

"ஓ" என்றாள் அம்மா. பிறகு, "உனக்கும் கேட்டிருப்பாங்களே. பக்கத்துல யாருன்னு."

"கேட்டாங்க."

"யாரைக் குடுத்தே?"

பாக்கு கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னையா?"

"வேற யாரு இருக்கா எனக்கு இங்க?"

"போன வருஷமா? நாம பேசிக்காம இருந்தப்பவா? என்னாண்ட ஒரு வார்த்த கேக்காமயா?"

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பியா நீ?"

"மாட்டேன்" என்றாள் அம்மா உடனே.

"நான் பட்டனை அமுக்கியிருந்தா?"

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று.

"வந்திருப்பேன்" என்றாள் அம்மா. "செருப்புகூட மாட்டாம வந்திருப்பேன்."